தலைசுற்றலும் 450 மில்லிமீட்டரும்

வணக்கம். குவெஸ்ட் 2 என்ற மெய்நிகர் காட்சித் தலைக்கருவியை அணிந்து, கிராவிட்டி ஸ்கெட்ச் என்ற முப்பரிமாண வரைவுச் செயலியில் நாற்காலியின் மாதிரியை உருவாக்கிப் பழகும்போது இருபது நிமிடத்தில் தலை சுற்றுவதாகவும், இருக்கையின் உயரத்தைத் துல்லியமாக 450 மில்லிமீட்டரில் நிறுத்த முடியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள்.

முதலில் லென்ஸ் இடைவெளியைப் பாருங்கள். அக்கருவியில் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகளே உள்ளன. கண்ணாடி முன் நின்று, அளவுகோலால் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதற்கு மிக நெருங்கிய நிலைக்கு லென்ஸைக் கையால் நகர்த்தி வையுங்கள். மாதிரியின் பின்புறத்தைக் காண, கையில் பிடிக்கும் கட்டுப்படுத்தியின் பிடிப் பொத்தானை அழுத்திக் காட்சியைச் சுழற்றாமல், நீங்களே எழுந்து அதைச் சுற்றி நடப்பது நல்லது. உடல் அசையாதிருக்கக் கண்முன் எல்லாம் சுழல்வதுதான் பெரும்பாலும் குமட்டலைக் கிளப்புகிறது.

அளவைப் பொறுத்தவரை, அந்தரத்தில் நீட்டிய கைக்குத் தாங்கல் எதுவும் இல்லாததால், மில்லிமீட்டர் துல்லியத்தை அதனிடம் எதிர்பார்ப்பது வீண். (தோள்பட்டை வலி தனி.) சாய்மானத்தின் சரிவையும் கைப்பிடியின் பருமனையும் உண்மை அளவில் அருகே நின்று உணர்வதற்கே இக்கருவி பயன்படும் என்பது என் கருத்து. வடிவத்தை அங்கே முடிவுசெய்து, ஓபிஜே (OBJ) என்ற முப்பரிமாண மாதிரிக் கோப்பாக எடுத்து, பிளெண்டர் என்ற கணினி மென்பொருளில் அளவுகளைத் திருத்துங்கள். அக்கோப்பில் அலகு பதிவாவதில்லை என்பதால், திறந்தவுடன் இருக்கையின் உயரத்தை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.