ஓஜேசி ஜாஸ் இசைத்தட்டுகள் மலிவாக வந்தது எப்படி? அவற்றை எப்படி அடையாளம் காண்பது?

ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ், அதாவது ஓஜேசி, 1982-இல் கலிஃபோர்னியாவின் ஃபேன்டஸி இசைத்தட்டு நிறுவனம் தொடங்கிய மறுவெளியீட்டு வரிசை. பிரெஸ்டீஜ், ரிவர்சைடு என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனங்களை ஃபேன்டஸி 1970-களின் தொடக்கத்திலேயே வாங்கியிருந்ததால் மூல நாடாக்கள் அதன் கையிலேயே இருந்தன. புதிய ஒலிப்பதிவுச் செலவு கிடையாது. பழைய அட்டைப் படத்தையும் பின்னட்டைக் குறிப்பையும் அப்படியே அச்சிட்டார்கள். விலை குறைந்தது இதனால்தான்.

வாங்கும்போது சிக்கலும் இங்கேதான். அட்டை அசலைப் போலவே இருப்பதால் 1950-களின் முதல் பதிப்பு என்று ஏமாந்துவிடுவார்கள். OJC என்று தொடங்கும் வரிசை எண்ணைத் தேடுங்கள். தட்டின் உள்விளிம்பில், பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்; பலவற்றில் மாஸ்டரிங் (தட்டு அச்சிடும் முன் ஒலியைச் சீர்செய்யும் வேலை) பொறியாளர் ஜார்ஜ் ஹார்னின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருக்கும். அப்படிக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், ஒலி அருமையாக இருக்கும்.

ஃபேன்டஸியை 2004-இல் கான்கார்ட் என்ற இசை நிறுவனம் வாங்கியது. 2023-இல் அதன் மறுவெளியீட்டுப் பிரிவான கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் இதே ஓஜேசி பெயரில் 180 கிராம் எடையுள்ள கனமான தட்டுகளாக மீண்டும் வெளியிடத் தொடங்கியது. தரம் உயர்வு, ஆனால் இவை மலிவுப் பதிப்புகள் அல்ல.