அவுட்டோர் ஃபேன் இரைச்சல்: பெரிய மோட்டார் போட்டால் அடங்குமா?

கேள்வி: வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பால்கனியில் இருக்கும் அவுட்டோர் யூனிட் இரவில் இரைவதால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். ஐந்து இறக்கை ஃபேனும் பவர் கூடிய மோட்டாரும் போட்டால் சத்தமும் கரண்ட் பில்லும் குறையும் என்று சொல்லி மெக்கானிக் 5,500 ரூபாய் கேட்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஃபேன் சத்தத்துக்கு முதல் காரணம் வேகம். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்றும் 20 சதவீதம் குறையும். ஆனால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், சத்தமும் சுமார் 5 டெசிபல் இறங்கும். குறைந்த காற்றை ஈடுகட்ட இறக்கையை அகலமாக்கி மெதுவாகச் சுற்ற விடுகிறார்கள். புது அவுட்டோர்கள் பெருத்த உடம்போடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இறக்கை நுனியை முன்பக்கம் வளைப்பது, பின் விளிம்பில் ரம்பப் பல் வைப்பது எல்லாம் அதற்கு மேல் கிடைக்கும் லாபம். உங்கள் மெக்கானிக் சொல்வது இதற்கு நேர் எதிர்.

இறக்கையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, அதற்கும் நுனிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டிருப்பார்கள். அது கூடினால் காற்று அந்த வழியாகவே திரும்பிச் சுழன்று இரையும், குறைந்தால் உரசும். ‘எல்லா ஏசிக்கும் சேரும்’ என்று கடையில் விற்கும் இறக்கைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஷாஃப்டில் சரியாக உட்காராவிட்டால் ஆப்புச் செருகி முடுக்கிவிட்டுப் போவார்கள். பத்தே நாளில் யூனிட்டே ஆடும்.

பில் குறையும் என்பதும் கதை. இந்த ஃபேன் இழுப்பது பெரும்பாலும் நூறு வாட்டுக்குள். முழு வேகத்தில் கம்ப்ரசர் இழுப்பது ஆயிரத்துக்கு மேல். ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் காயிலில் படிந்த தூசியைக் கழுவினாலே அதைவிட அதிகம் மிச்சமாகும்.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? இரவில் பால்கனியில் நின்றுகொண்டு, உள்ளே ஏசியை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். கம்ப்ரசர் சட்டென்று நிற்கும். இறக்கை சில நொடி சுற்றித்தான் ஓயும். இரைச்சல் உடனே அறுந்தால் கம்ப்ரசரோ, அது ஆட்டும் ஸ்டாண்டோ, தேய்ந்த ரப்பர் புஷ்ஷோ காரணம். ஃபேனைத் தொடவே வேண்டாம். இறக்கையோடு சேர்ந்து மெல்லத் தேய்ந்தால் ஃபேன். கரகரவென்று இழுத்துக்கொண்டு சீக்கிரம் நின்றால் மோட்டார் பேரிங் போய்விட்டது. அப்போது அதே மாடலுக்கான மோட்டாரைச் சர்வீஸ் சென்டரில் வாங்குங்கள், பழையதைக் கையில் வைத்துக்கொண்டு.

உங்களுடையது இன்வெர்ட்டர் ஏசியா, அதாவது தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏசியா என்று எழுதவில்லை. இன்வெர்ட்டர் என்றால் இன்னும் கவனம். பெரும்பாலான இன்வெர்ட்டர் மாடல்களில் அவுட்டோர் ஃபேன் டிசி மோட்டார். உள்ளே இருக்கும் பிசிபி என்ற சர்க்யூட் போர்டுதான் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரவில் அறை குளிர்ந்தபின் சத்தம் அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த டிசி மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சாதா மோட்டாரை நேரே கரண்டில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அது போர்டின் பேச்சைக் கேட்காது, விடிய விடிய முழு வேகத்தில் ஓடும். மோட்டாரின் வேகம் தெரியாமல் போர்டு எரர் காட்டும். அடுத்த வாரமே ‘பிசிபி போச்சு சார்’ என்று இன்னொரு பில் வரும். வெறும் 5,500-ல் நிற்காது.

இதற்கெல்லாம் அந்த மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் என்று 2000-லிருந்து விதி இருக்கிறது. ஆனால் ஏசியில் ஒட்டும் நட்சத்திர லேபிளில் அவுட்டோர் எவ்வளவு இரையும் என்று ஒரு வரி கிடையாது. ஐரோப்பாவில் அது லேபிளிலேயே இருக்கிறது. உங்கள் அளவு யூனிட்டுக்கு அவுட்டோர் ஒலித்திறன் 65 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பும் உண்டு (இது யூனிட் மொத்தமாக வெளிவிடும் ஒலி; காதில் விழும் அளவைச் சொல்லும் அந்த 45-உடன் நேராக ஒப்பிட முடியாது). இங்கே வாங்குகிறவர் கடையில் அடம்பிடித்துக் கேட்டால்தான் கேட்லாக்கைத் தேடி எடுக்கிறார்கள்.

அந்தச் சோதனையை முதலில் செய்து பாருங்கள். யூனிட்டின் முதுகுக்கும் சுவருக்கும் எத்தனை அங்குலம் இருக்கிறது, முன்னால் துணிக் கொடியோ மூங்கில் தட்டியோ காற்றை மறிக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். மெக்கானிக்கை அதற்கப்புறம் கூப்பிடலாம்.