செட்டிநாட்டுப் பாறைகளைப் பார்க்கப் போகுமுன் நூலகத்தில் எதைத் தேடுவது?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளை ஒரு நாள் பாறை பார்க்க அழைத்துப் போக ஆசை. கிளை நூலகத்தில் ‘செட்டிநாட்டு நிலவியல்’ என்று கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். எங்கே போய், எதைக் கேட்பது?

அந்தப் பெயரில் கேட்டால் எந்த நூலகத்திலும் கிடைக்காது, டீச்சர். செட்டிநாடு என்பது மக்கள் வழக்கில் உள்ள பகுதி. நிலவியல் அறிக்கைகளோ மாவட்டத்தின் பெயரையும் வரைபடத் தாளின் எண்ணையும் வைத்து எழுதப்படுபவை. அந்த மாவட்டமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய அறிக்கை என்றால் ராமநாதபுரத்தில் தேட வேண்டும், 1910-க்கும் முந்தையது என்றால் மதுரையில். திருமயம் பக்கம் புதுக்கோட்டைச் சமஸ்தானம். 1948-க்குப் பிறகு திருச்சி மாவட்டம், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டம். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில அட்டவணையில் தேடும்போது ‘மதுரா’, ‘புதுகோட்டா’, ‘டின்னவெல்லி’ (திருநெல்வேலி) என்ற பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது தாள் எண். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ தாள்களில் (நில அமைப்பு வரைபடங்களில்) காரைக்குடி 58 ஜே/16, பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் 58 ஜே/12, உங்கள் தேவகோட்டை 58 கே/13, சிவகங்கை நகரம் 58 கே/5. புதிய தாள்களில் எண் முறை வேறு. ஆனால் நிலவியல் வரைபடங்களும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் பழைய எண்ணைத்தான் சொல்கின்றன. ஊர்ப்பெயருக்கு ஒன்றும் அகப்படாத இடத்தில் ‘58 ஜே’ என்று போட்டால் பல நேரம் சிக்கிவிடும்.

இனி எதைப் படிப்பது? இந்தப் பகுதிக்கு அடிப்படை ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதியவை. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்காக மதுரை மாவட்டத்தின் வடபகுதி, புதுக்கோட்டைச் சமஸ்தானம் பற்றி 1879-இலும், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள் பற்றி 1883-இலும் அவர் எழுதிய அறிக்கைகள் வெளியாயின. பழைய வெளியீடுகள் என்பதால் இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசமாகத் தேடலாம். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் என்ன பாறை தலைகாட்டுகிறது என்பதற்கு இன்றும் அவரை நம்பிப் போகலாம்.

ஆனால் ஏன் அந்தப் பாறை அங்கே இருக்கிறது, அதன் வயது என்ன என்பதற்கு அவரை நம்பாதீர்கள். கதிரியக்க முறையில் பாறைக்கு வயது கணிப்பதும் கண்டத்தட்டு நகர்வுக் கொள்கையும் அவர் காலத்தில் கிடையாது. சார்னோகைட் (கிரானைட்டைப் போன்ற ஒரு பாறை வகை) என்ற பெயரையே 1890-களில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட்தான் வைத்தார். ஃபூட்டின் இந்த அறிக்கைகளில் அந்தச் சொல்லைத் தேடிக் காணோமே என்று திகைக்க வேண்டாம். மதுரைப் பகுதியின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்தில் உருமாறியவை என்பதெல்லாம் அண்மைக்கால ஆய்வுகளில் தெரியவந்தது. இடத்தைப் பழைய அறிக்கையில் எடுங்கள், விளக்கத்தைப் புதியதில் எடுங்கள். பிள்ளைகளுக்குத் தவறான பாடம் போய்விடக் கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புதியவற்றில் முதலில் பார்க்க வேண்டியது இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் ‘பூகோஷ்’ இணையதளம். நிலவியல் வரைபடத்தை அதில் திரையிலேயே பார்க்கலாம். அப்புறம் ‘ஷோத்கங்கா’. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்கின்றன. நல்ல ஆய்வேட்டில் மாதிரி எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை இருக்கும். பயணத்துக்கு அதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. மாவட்ட இணையதளத்தில் கனிமங்களுக்கான மாவட்ட ஆய்வறிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலவியல் குறிப்பும் குவாரிப் பட்டியலும் அதில் வரும். நிலத்தடி நீர் பற்றிய மாவட்டக் கையேடுகளை நிறைய பேர் கவனிப்பதில்லை. அவற்றிலும் பாறை அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்கள்.

நேரில் போய்ப் படிக்க வேண்டுமென்றால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக நூலகத்துக்குப் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தோடு போய்க் கேட்டுப் பாருங்கள். மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இன்னொரு வழி. அலமாரியில் டூயி எண் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) இருந்தால் நிலவியல் 550 வரிசை, ஆசியப் பகுதி 555. நீங்கள் 910-இல் தேடினால் புவியியல்தான் கிடைக்கும். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் பாறை, கனிம மாதிரிகள் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரே நாள் என்றால் மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். திருமயம் அல்லது பிள்ளையார்பட்டிக் குன்று ஒன்று, செம்புறாங்கல் (லேட்டரைட்) வெட்டுமுகம் ஒன்று, சிவகங்கைப் பக்கம் கிராஃபைட் கிடைக்கும் பகுதி ஒன்று. கிராஃபைட் சுரங்கம் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கையில் இருப்பதால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். திருமயம் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கேயும் பிள்ளையார்பட்டியிலும் சுத்தியல் பையை விட்டு வெளியே வரவே கூடாது, கைலென்ஸ் போதும்.

தேதியை முடிவு செய்யுமுன் கண்மாய்களைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அறிக்கையில் சொன்ன தாழ்வான பாறைமுகங்கள் பல தண்ணீருக்குள் போய்விடும். மாசி வாக்கில் நீர் வடிந்திருக்கும், வெயிலும் தாங்கலாம். கைவிட்ட கல்குவாரிகளில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும். பாறைமுகம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.