முதல் வீட்டுக்கு முன்பணம்: மூன்று வருடக் கணக்கு ஏன் தப்பிப் போகிறது?

கேள்வி: எனக்கு 32 வயது, மனைவிக்கு 30. இருவரும் வேலைக்குப் போகிறோம். வாங்க நினைக்கும் வீட்டின் விலை 1000 என்று வைத்துக்கொண்டால், இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் கைக்கு வருவது 20. வாடகை 4.5, கார் கடன் தவணை 1.5, அது முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது. இதுவரை 90 சேர்த்திருக்கிறோம், மாதம் 3 போட்டு வருகிறோம். 20 சதவீத முன்பணம், அதாவது 200 சேர இன்னும் மூன்று வருடம் ஆகும். அதற்குள் விலை எங்கேயோ போய்விடும் போலிருக்கிறது. இருப்பதை ஷேரில் போட்டால் சீக்கிரம் பெருகும் என்கிறார் நண்பர். குறைகிற தொகையைக் கடனாகத் தருகிறேன் என்கிறார் அண்ணன். இது தவிர நான்கு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறது, அதையும் இதில் சேர்த்துவிடலாமா? என்ன செய்வது என்று புரியவில்லை.

பதில்: விலையை 1000 என்று வைத்து எழுதியது நல்லதாகப் போயிற்று. எந்த நாணயத்தில் சம்பாதிப்பவரும் தங்கள் தொகையை இதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம், நானும் அதே கணக்கிலேயே பேசுகிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. விலை ஏறுகிறது, நாம் பின்தங்குகிறோம் என்ற எண்ணம்தான் நண்பர் சொல்வதையும் அண்ணன் சொல்வதையும் கவர்ச்சியாகக் காட்டுகிறது. அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். வருடத்துக்கு 5 சதவீதம் விலை ஏறுகிறது என்றால் வீட்டின் விலை 50 கூடும். ஆனால் அந்த 50 முழுவதையும் நீங்கள் இப்போது சேர்க்க வேண்டியதில்லை, பெரும்பகுதி கடனில் போய்விடும். முன்பணமும் மற்ற செலவும் சேர்த்து விலையில் 28 சதவீதம் என்று வைத்தால் (ஏன் 28 என்று கீழே சொல்கிறேன்), உங்கள் இலக்கு வருடத்துக்குச் சுமார் 14 தள்ளிப் போகிறது. நீங்களோ வருடத்துக்கு 36 சேர்க்கிறீர்கள், வட்டி தனி. ஆக நீங்கள் பின்தங்கவில்லை, நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். விலை வருடத்துக்கு 15 சதவீதம் ஏறும் இடமாக இருந்தால் கதை வேறு, அங்கே இலக்கு 42 நகரும், சேமிப்பால் மட்டும் பிடிக்க முடியாது. உங்கள் பகுதியில் கடந்த ஏழெட்டு வருடத்தில் பத்திரம் பதிவான விலைகளைத் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கை மாறிய விலை வேறு.

சரி, மூன்று வருடக் கணக்கு எங்கே தப்புகிறது? 200 என்பது இன்றைய விலையில் 20 சதவீதம். வாங்க நான்கு வருடம் ஆகிறது என்று வைத்தால், அப்போது அதே வீடு 5 சதவீத ஏற்றத்தில் 1216 ஆகியிருக்கும், அதில் 20 சதவீதம் 243. அதோடு பதிவுக் கட்டணம், வரி, வழக்கறிஞர், மதிப்பீடு, கடன் வாங்கும் செலவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது, இதற்கெல்லாம் பெரும்பாலும் கடன் கிடைக்காது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இது நாட்டுக்கு நாடு வேறுபடும். நான் 8 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன், அது 97. மொத்தம் 340, மேலே சொன்ன 28 சதவீதம் (20-ம் 8-ம்) இதுதான். 200 என்று நினைத்துக்கொண்டு பதிவு நாளுக்கு ஒரு மாதம் முன்பு 340-ஐச் சந்திப்பவர்கள்தான் அவசரத்தில் தனிநபர் கடன் வாங்கிவிடுகிறார்கள். இப்போது போடுகிற மாதம் 3-ஐ 6 சதவீத வட்டியில் தொடர்ந்தால், ஏறுகிற இலக்கைத் தொட ஐந்தே முக்கால் வருடம் ஆகும். கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். இதைக் குறைக்க வழி இருக்கிறது.

அந்த வழி ஷேர் மார்க்கெட் இல்லை. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, இருபது வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் உங்களுக்குப் பணம் தேவைப்படுவது நாலைந்து வருடத்தில், அதுவும் ஒரு குறிப்பிட்ட நாளில் முழுசாக. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் ஷேர் விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை 57 சதவீதம் சரிந்தது, பழைய உயரத்தை மறுபடி தொட்டது 2013-இல். அப்படி ஒரு சரிவில் உங்கள் 90 சுமார் 39 ஆகிவிடும். 2020-இல் ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்து, ஆகஸ்டுக்குள் எழுந்தும் விட்டதே என்று நண்பர் சொல்லலாம், உண்மைதான். ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில் என்பதும் உண்மைதான். நீங்கள் பணத்தை எடுக்க வேண்டிய வருடத்தில் எது நடக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் கணக்குப் போட்டே பார்ப்பதில்லை: குறுகிய காலத்தில் எவ்வளவு லாபம் கிடைக்கிறது என்பதை விட எவ்வளவு போடுகிறோம் என்பதுதான் பெரிது. மாதம் 3 வீதம் நான்கு வருடம் போட்டால் 6 சதவீதத்தில் 162 வரும். அதே 3-க்கு 10 சதவீதம் கிடைத்தால் 176. சரி, வட்டியைத் தொடாமல் 6 சதவீதத்திலேயே விட்டுவிட்டு மாதம் 3-க்குப் பதில் 3.3 போட்டால்? 179. மாதம் 0.3 கூடப் போடுவது, எந்தப் பதற்றமும் இல்லாமல், 10 சதவீத லாபத்தைத் தாண்டிவிடுகிறது.

அதனால் உங்கள் கார் கடனைத்தான் நான் ஆசையோடு பார்க்கிறேன். இன்னும் 14 மாதத்தில் மாதாமாதம் 1.5 விடுதலை ஆகப்போகிறது. அந்தப் பணம் இல்லாமல் வாழ ஏற்கனவே பழகிவிட்டீர்கள். கடைசித் தவணை போன அடுத்த மாதமே அது வீட்டுக் கணக்குக்குத் திரும்ப வேண்டும், ஒரு மாதம் விட்டால்கூட அது எங்கே போயிற்று என்று தெரியாது. அதுவரை இப்போதைய 3-ஐ 3.5 ஆக்குங்கள். வாடகை, கார், சேமிப்பு போக மாதம் 11 செலவாகிறது, அதில் 0.5 பிடிப்பது முடியாத காரியமில்லை. 14 மாதம் 3.5, அதன் பிறகு 5. இப்படிப் போனால் மூன்றே முக்கால் வருடத்தில் இலக்கு வந்துவிடும். இரண்டு வருடம் மிச்சம். புது முதலீடும் இல்லை, புதுக் கடனும் இல்லை.

இந்த 5-க்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. வீடு வாங்கும்போது கடன் சுமார் 960 வரும். 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 8. பராமரிப்பு, சொத்து வரிக்கு 0.5 சேருங்கள், 8.5. இப்போதைய வாடகை 4.5-ஓடு சேமிப்பு 5-ஐக் கூட்டினால் 9.5. அதாவது வீட்டுக்குள் போகும் முன்பே இரண்டரை வருடம் அந்தத் தவணையைக் கட்டிப் பழகியிருப்பீர்கள், அது கடனுக்குப் போகாமல் உங்கள் பெயரிலேயே சேர்ந்திருக்கும். நடுவில் மூச்சு முட்டினால் வாங்க நினைக்கும் வீடு பெரியது என்று அர்த்தம், அது இப்போதே தெரிவது எவ்வளவோ மேல். வங்கி எவ்வளவு தரும் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது உங்கள் சம்பளத்தைப் பார்க்கும், உங்கள் இரவுத் தூக்கத்தைப் பார்க்காது. வட்டியும் நின்ற இடத்தில் நிற்காது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5.25-லிருந்து 5.5 சதவீத அளவுக்குப் போனது, மற்ற பல நாடுகளிலும் அந்தச் சமயத்தில் தவணை எகிறியது. உங்கள் கடன் 8-லிருந்து 10 சதவீதம் ஆனால் தவணை 9.3. அதைக் கட்ட முடியுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரப் பணத்தை இதில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கைவைக்கவே வேண்டாம். நான் முதல் வீடு வாங்கியபோது செய்த தப்பு இதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முன்பணம் கொஞ்சம் குறைந்தது, இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டேன். பத்திரம் பதிந்துவிட்டு வெளியே வந்தபோது கணக்கில் ஒரு வாரச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை, ஆனாலும் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது வாரம் குளியலறைச் சுவர் ஓதம் ஏறி, வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. பிளம்பர் வந்து சுவரை உடைத்தால் உள்ளே குழாய் முழுக்கத் துரு. கிரெடிட் கார்டில்தான் கட்டினேன், அந்தப் பாக்கியை அடைக்கப் பதினோரு மாதம் ஆயிற்று, வீட்டுக் கடன் வட்டியைப் போலப் பல மடங்கு வட்டியோடு. வாடகை வீட்டில் குழாய் உடைந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிடுவோம். சொந்த வீட்டில் அந்த வீட்டுக்காரர் நாம்தான். உங்கள் நான்கு மாதப் பணத்தை வேறு வங்கியில், கார்டு இல்லாத கணக்கில் வையுங்கள். இனி வரும் போனஸ், ஊதிய உயர்வில் ஒரு பகுதியைப் போட்டு ஆறு மாதமாக்குங்கள்.

முன்பணம் எங்கே இருக்க வேண்டும் என்றால், அசல் குறையாத இடத்தில். இருக்கும் 90-ஐ ஃபிக்ஸட் டெபாசிட்டாகவும் மாதப் பணத்தை ஆர்.டி.யாகவும் (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) போடலாம், வாங்கும் மாதத்துக்கு முன்பு முதிர்வாகும்படி தேதி பாருங்கள், முன்கூட்டி உடைத்தால் வட்டி குறையும். வங்கி திவாலானால் பணத்தைத் திருப்பித் தரும் டெபாசிட் காப்பீடு பல நாடுகளில் ஒரு வரம்பு வரைதான், அதைத் தாண்டினால் இரண்டு வங்கியில் பிரியுங்கள். வரி போக என்ன வட்டி நிற்கிறது என்பதே கணக்கு. முதல் வீடு வாங்குபவர்களுக்கென்று அரசின் சேமிப்புத் திட்டமோ கட்டணச் சலுகையோ உங்களுக்குக் கிடைக்குமா என்று ஒரு நாள் உட்கார்ந்து தேடுங்கள், கிடைத்தால் அது உறுதியான லாபம்.

அண்ணன் தருகிறேன் என்பது பெரிய மனசு. ஆனால் அந்தப் பணம் அவருக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று கேட்டீர்களா? அண்ணிக்குத் தெரியுமா? கடன் கொடுக்கும் வங்கி முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும், திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்றால் அதையும் கடனாகவே பார்க்கும், நீங்களும் மறைக்கக் கூடாது. கடைசியில் 15, 20 மட்டும் இடித்தால், நல்ல வீடு கை நழுவும் நிலை வந்தால், அப்போது வாங்குங்கள். தொகை, திருப்பும் தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு. எழுதிக்கொள்வது நம்பிக்கைக் குறைவு இல்லை, ஐந்து வருடம் கழித்து இருவர் ஞாபகமும் இரண்டு விதமாக இருந்தால் உறவைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மனைவியோடு உட்கார்ந்து இன்னொரு கேள்வியையும் பேசுவேன்: 1000 வீடுதான் வேண்டுமா? 850 விலையில் ஒன்று, ஒரு அறை குறைவாகவோ கொஞ்சம் தள்ளியோ இருந்தாலும் பரவாயில்லை என்றால், இதே 3.5, இதே 5 போட்டு மூன்று வருடத்தில் முடித்துவிடலாம். நீங்கள் முதலில் நினைத்த அதே மூன்று வருடம். தவணையும் 6.5-ஐ ஒட்டித்தான் வரும். தினமும் போய்வரும் தூரம் ஒரு மணி நேரம் கூடுகிறது என்றால் வேண்டாம் என்பேன், ஒரு அறை குறைவு என்றால் தாராளமாக. ஆனால் அங்கே குடியிருக்கப் போவது நீங்கள்.

வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பு இருவருடைய கடன் மதிப்பெண் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், தப்பான பதிவு இருந்தால் திருத்த நேரம் வேண்டும். அந்த ஆறு மாதத்தில் புது வண்டி, புதுக் கார்டு எதுவும் வேண்டாம். இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சம்பளம் வரும் அன்றே 3.5 தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 15-ஆவது மாதத்திலிருந்து அது 5 ஆக வேண்டும் என்பதையும் சேர்த்தே.