பந்தியில் ஓர் இலை காலியானால்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து, "பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை பார்க்கலாம், இவளோ கரண்ட் பாயாத பொருளை ஆராயப் போகிறேன் என்கிறாள்" என்று வருந்தினீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் என் மேஜையில் கிடந்த காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்து, நடுவில் ஒன்றை மட்டும் அழித்தாள். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைக்கு ஒருவர். பந்தி நிறைந்துவிட்டால் யாரும் இடம் மாற முடியாது. லாந்தனம் தாமிர ஆக்சைடில் எலக்ட்ரான்களின் நிலையும் இதுதான். பழைய பாடக் கணக்குப்படி அது மின்சாரத்தைக் கடத்த வேண்டும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் கடத்துவதில்லை. இதை மாட் மின்காப்பான் என்பார்கள். லாந்தனத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் சில இலைகள் காலியாகின்றன. பக்கத்தில் இருப்பவர் நகர்கிறார், அவர் இடத்துக்கு அடுத்தவர். நூற்றுக்குப் பதினாறு இலைகள் காலியானால், ஏறக்குறைய மைனஸ் 235 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மின்தடையே இல்லாமல் போகிறது, இதுதான் மீகடத்தல்! அதற்குச் சற்று மேலே, அந்தக் கடுங்குளிரிலேயே, தடை வெப்பத்தோடு நேர்க்கோடாக ஏறுகிறது. சாதாரண உலோகம் அப்படி நடப்பதில்லை. அதனால் இதற்கு விசித்திர உலோகம் என்று பெயர்.

இந்தக் குடும்பத்துப் பொருள்களில் மீகடத்தலை 1986இல் கண்டுபிடித்த பெட்னோர்ஸுக்கும் முல்லருக்கும் மறு ஆண்டே நோபல் பரிசு கிடைத்தது. அதே 1987இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆண்டர்சனுடன் சேர்ந்து விளக்கம் தேடியவர் ஜி. பாஸ்கரன், சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்றுவரை இல்லை. உங்கள் பெண் செய்வதற்கு வேலை மிச்சம் இருக்கிறது.

பண விஷயத்தை மறைக்க மாட்டேன். இயற்பியல் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்த ஆண்டுகளில் உங்களிடம் கை நீட்ட வேண்டியிருக்காது. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனால் குளிர்நிலைக் கருவிகளும் கணினி நிரலும் கைவந்தவளுக்கு வேறு வாசல்கள் உண்டு. பி.எட். பிறகும் படிக்கலாம்.

எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வு பிப்ரவரியில், சம்பா அறுவடை நேரத்தில் வரும். அந்த மாதம் மட்டும் களத்து வேலையிலிருந்து அவளை விட்டுவிடுங்கள். திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கட்டும், வீட்டுக்குப் பக்கம்.

காலண்டர் தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இன்று இரவு சாப்பிட்டதும் அந்தப் படத்தை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.