பிரசவத்துக்குப் புறப்படும் பை

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம், 34ஆவது வாரம் நடக்கிறது. மருத்துவமனைக்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்கிறார்கள். எதை எப்போது எடுத்து வைப்பது, வலி வந்தால் எந்த நேரத்தில் புறப்படுவது என்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: குறித்துக் கொடுத்த தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு, 37 வாரம் நிறைந்துவிட்டால் எந்த நாளும் பிரசவ நாளாகலாம். எனவே 36ஆவது வாரத்துக்குள் பையைத் தயார் செய்துவிடுங்கள்.

அந்தப் பையை, உங்களுடன் துணைக்கு வரப்போகிறவரே தம் கையால் அடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரசவ அறையில் நான் பலமுறை கண்ட காட்சி இது: குழந்தை பிறந்து, ஈரம் துடைக்கப்பட்டுத் தாயின் மார்பில் கிடக்கும், உடல் சூடு குறையாமலிருக்கத் தலைக்குத் தொப்பி கேட்போம். துணைக்கு வந்தவரோ தரையில் மண்டியிட்டுப் பெரிய பையிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருப்பார். தொப்பி இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள், பெற்றுக் களைத்துப் படுத்திருக்கும் தாய்தான். எனவே பிறந்தவுடன் வேண்டிய தொப்பி, மெல்லிய துண்டுகள், சுற்றும் துணி ஆகியவற்றைத் தனியே ஒரு சிறு பையில் போட்டு மேலாக வையுங்கள்.

மருத்துவப் பதிவுகள் ஒரே உறையில் இருக்கட்டும். இரத்த வகை, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அந்த விவரம் ஆகிய இவை நள்ளிரவில் உங்களை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்கு உடனே தேவைப்படுபவை. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை உறையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். குழந்தையின் இரத்தம் பாசிட்டிவ்வாக இருந்தால், பிறந்த 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஓர் ஊசி போட வேண்டியிருக்கும்.

உங்களுக்கான உடைகளில், பாலூட்ட வசதியாக முன்புறம் திறக்கும் தளர்வான நைட்டிகள் போதும். உள்ளாடைகள் மட்டும் இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும்படி, ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். சிசேரியன் நேர்ந்தால், வழக்கமான உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாகத் தையலின் மேல்தான் உரசும். எந்த முறையில் பிரசவித்தாலும் முதல் சில நாள்கள் உதிரப்போக்கு மாதவிடாயைவிட அதிகமாக இருக்கும் என்பதால், பெரிய அளவு நாப்கின்களை நிறையவே வைத்துக்கொள்ளுங்கள். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுவது நல்லது. இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் கருவியை விரல் நுனியில்தான் மாட்டுவார்கள். சோப்பு, பல் துலக்கி, செல்பேசி சார்ஜர் போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, புறப்படும் நேரம். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை உள்ள இடைவெளியைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வாருங்கள். நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடுவது பெரும்பாலும் பொய்வலி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்து வந்தால் கிளம்பிவிடலாம். மருத்துவமனை தொலைவில் இருந்தாலோ, மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலோ அதற்கும் முன்பே புறப்பட வேண்டும்.

சிலவற்றுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. பனிக்குடம் உடைந்தால் நேரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு, வலி இல்லாவிட்டாலும் உடனே செல்லுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம் என்பதால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இரத்தப்போக்கு, கடுமையான தலைவலியுடன் பார்வை மங்குதல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், பை தயாராக இல்லாவிட்டாலும், பதிவுகள் உள்ள உறையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அப்போதே புறப்படுங்கள்.