பஃபேயில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது. ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு மதுரையில் ஒரு ஓட்டலுக்கு பஃபே சாப்பிடப் போயிருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று பேரன் வீட்டிலேயே இருந்துவிட்டான். அவனுக்காக இவருடைய அத்தை நாலு துண்டு சிக்கனையும் இரண்டு குலாப் ஜாமூனையும் கைப்பையில் கொண்டுவந்த டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார். சப்ளையர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல, அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "தலைக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டீங்க. நான் சாப்பிட்டா என்ன, என் பேரன் சாப்பிட்டா என்ன?" இதில் யார் பக்கம் நியாயம்?

சப்ளையர் பக்கம்தான். ஆனால் அத்தை கேட்டதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. நான் மதுரையில் ஒரு ஓட்டலில் பல வருஷம் பஃபே பகுதியைப் பார்த்துக்கொண்டவன், இப்போது சொந்தமாகக் கல்யாண கேட்டரிங் செய்கிறேன். இதே கேள்வியை நல்ல மனிதர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூட்ட நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிந்ததில்லை. அதனால் இங்கே விவரமாகவே எழுதுகிறேன்.

பஃபேக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று முதலில் பார்க்கலாம். தலைக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 700-க்குள் எந்தப் பண்டமும் உங்களுக்கு விற்கப்படவில்லை. ஒரு ஆள் ஒரு வேளைக்கு உட்கார்ந்து எவ்வளவு சாப்பிடுவார் என்று சராசரி பார்த்துப் போட்ட விலை அது. சுகர் இருக்கிற பெரியவர் ஒரு சூப், இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் தயிர்சாதத்தோடு எழுந்துவிடுவார். காலேஜ் பையன் சிக்கன் தட்டை மட்டும் நாலு முறை நிரப்புவான். இரண்டு பேருக்கும் ஒரே பில். பெரியவர் சாப்பிடாமல் விட்டதுதான் பையனின் நாலாவது தட்டுக்கு ஈடு. குழந்தைகளுக்குப் பாதி விலை போடுவதும் இதே கணக்கில்தான். இந்த ஏற்பாடு நடப்பதற்கு ஒரே காரணம், எவ்வளவு பெரிய தீனிக்காரரானாலும் ஒரு கட்டத்தில் வயிறு போதும் என்று சொல்லிவிடும் என்பது. டப்பா அப்படிச் சொல்லாது. ஐந்து பேருக்குக் காசு கொடுத்துவிட்டு ஆறாவது ஆளுக்கும் அதிலேயே எடுத்தால், அந்த ஆறாவது ஆளின் சாப்பாட்டுக்கு வேறு யாரோ காசு கொடுக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அது அடுத்த மாதம் விலை ஏறும்போது வரப்போகிற குடும்பம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டப்பாவில் யாரும் வெள்ளைச் சோறும் ரசமும் எடுத்துப் போவதில்லை. மீன் வறுவல், இறால், சிக்கன், ஸ்வீட், இவைதான் போகும். சமையல்கட்டில் அன்றைக்கு வருகிற தலைக்கணக்கைப் பார்த்துத்தான் விலை கூடியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அனுப்புவார்கள். இரண்டு மேஜையில் இப்படி எடுத்தால், இரண்டரை மணிக்குப் பசியோடு வருகிறவர் மூடியைத் திறக்கும்போது அடியில் கறிவேப்பிலையும் எண்ணெயும்தான் இருக்கும். அவர் சப்ளையரிடம்தான் சத்தம் போடுவார்.

இது ஏதோ நம் ஊர் ஓட்டல்காரர்களின் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் 2021 ஜூலை முதல், சாப்பிட்டு மீந்ததை வாடிக்கையாளர் கேட்டால் கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம். சாப்பாடு குப்பைக்குப் போகக் கூடாது என்பதில் அவ்வளவு கறாரான அந்தச் சட்டமே, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்கிற பஃபேயை மட்டும் விதிவிலக்காக வைத்திருக்கிறது. ஸ்பெயினில் 2025-ல் வந்த சட்டத்திலும் அப்படியே.

சரி, அப்படியானால் அத்தைக்கு ஏன் இது தப்பாகத் தோன்றவில்லை? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நம் பக்கத்தில் சாப்பாடு என்பது பந்தியிலிருந்து வந்த பழக்கம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிகிற நேரத்தில் பெரியவர் யாராவது சமையல்கட்டுப் பக்கம் வந்து, "அப்பத்தாவால வர முடியல, ஒரு இலைச் சாப்பாட்டைத் தூக்குவாளியில போட்டுக் குடுத்துவிடுப்பா" என்பார். அதைக் கேட்காமல் போனால்தான் குறை. நோயாளிக்கு, வீட்டைக் காவல் காக்கிறவருக்கு, மாடு கன்று பார்க்க நின்றுவிட்டவருக்கு என்று ஆளாளுக்குச் சோறு போகும். வராதவரை மறந்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவது நம் வீடுகளில் ஒரு உறுத்தல். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் தை மாதம் முனியாண்டி கோயில் திருவிழா நடக்கும். ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்கள் கூடி, கிடா வெட்டி, அண்டா அண்டாவாக பிரியாணி சமைத்து விடியற்காலையிலேயே பிரசாதமாகக் கொடுப்பார்கள். அங்கே ஜனங்கள் பாத்திரத்தோடு போய்த்தான் நிற்பார்கள், வீட்டுக்கும் வாங்கி வருவார்கள். அதில் எந்தக் கூச்சமும் இல்லை, இருக்கவும் கூடாது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு சேதுபதி பள்ளியில் நடக்கிற விருந்தும் அப்படித்தான், காய்கறியும் அரிசியும் மொய்யும் ஜனங்கள் கொடுத்து ஜனங்களே சாப்பிடுவது.

அங்கெல்லாம் சோறு போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை, யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்க்க மாட்டார். ஓட்டல் பஃபேயில் அப்படி ஒருவர் கிடையாது. மேஜையில் வரிசையாக மூடி போட்டு வைத்திருப்பதைப் பார்க்கக் கல்யாண வீடு மாதிரியே இருக்கும், ஆனால் அது கடை. அத்தையின் மனசு பந்தியில் இருந்தது, கை கடையில் எடுத்தது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

கல்யாண மண்டபங்களில் இப்போது வைக்கிற பஃபேயையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கேட்டரிங்காரர் இத்தனை தட்டு என்று எண்ணிக் காசு வாங்கிக்கொள்வார். மீதி இருக்கிற சாப்பாடு கல்யாண வீட்டாருடையது. பெண் வீட்டு ஆளோ மாப்பிள்ளை வீட்டு ஆளோ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நாங்களே கட்டிக் கொடுப்போம். பந்தி முடியும் முன்னால் கேட்டால் மட்டும் சங்கடம், ஏனென்றால் இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்று எங்களுக்கும் தெரியாது.

மெஸ்ஸில் கதை வேறு. முழுச் சாப்பாடு சொல்லி, கூடவே ஒரு சுக்கா, ஒரு பிளேட் கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு என்று தனித்தனியாக வாங்குகிறோம். அந்தச் சுக்காவுக்குத் தனி விலை கொடுத்திருக்கிறீர்கள், பாதி மீந்தால் அது முழுக்க உங்களுடையது. தாராளமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், வெட்கமே பட வேண்டாம். விட்டுவிட்டு வருவதுதான் எனக்கு மனசு கேட்காது. ஆனால் அதே இலையில் கேட்கக் கேட்கப் போடுகிற சோறும் கூட்டும் பொரியலும் பஃபே கணக்கில் சேர்ந்தவை. பார்சல் சாப்பாட்டுக்கு அளவு வைத்துத் தனி விலை போடுவது இதனால்தான்.

"எப்படியும் கொட்டத்தானே போறீங்க?" என்று நிறைய பேர் கேட்பார்கள். ஓரளவு உண்மைதான், அதைப் பார்க்க எனக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். சமையல்கட்டிலிருந்து வெளியே வராமல் சூடாக இருக்கிற சாப்பாடு வீணாகாது. வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவார்கள், சில ஓட்டல்கள் ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொடுத்தனுப்பும். மிஞ்சுகிற உணவை எப்படிப் பத்திரமாகப் பகிர்ந்து கொடுப்பது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் மேஜையில் மூன்று மணி நேரம் திறந்து மூடி, பத்துப் பேர் கரண்டி போட்ட சாப்பாடு வேறு. சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேலேயும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழேயும் இருக்க வேண்டும், இடையில் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கிருமிக்குக் கொண்டாட்டம். வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வைத்துச் சாப்பிடக் கூடாது என்பது பொதுவான கணக்கு. சித்திரை மாதத்து மதுரை வெயிலை நினைத்துப் பாருங்கள். பஃபேயிலிருந்து எடுத்த பிரியாணியை டப்பாவில் அடைத்து, காரில் வைத்து, வழியில் ஜவுளிக்கடைக்குள் ஏறி இறங்கி, சாயங்காலம் பேரனுக்குச் சூடு பண்ணிக் கொடுத்தால் என்ன ஆகும்? சோற்றில் வளர்கிற பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியா வெளிவிடும் ஒரு விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. பிள்ளைக்கு வாந்தி என்று மறுநாள் ஓட்டலுக்குத்தான் போன் வரும். இந்தப் பயத்திலேயே சில இடங்களில் காசு கொடுத்தாலும் பஃபே மேஜையிலிருந்து பார்சல் தர மாட்டார்கள்.

தட்டில் ஏற்கெனவே போட்டுக்கொண்டது மீந்துபோனால்? இதில் ஓட்டலுக்கு ஓட்டல் பழக்கம் மாறும். கை வைக்காத ஒரு துண்டு கேக்கை வேறு யாருக்கும் வைக்க முடியாது, அதனால் கேட்டால் சிலர் டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் மீதி வைப்பதற்கென்றே தட்டை நிரப்புகிறவரை சப்ளையர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். முதல் சுற்றில் எல்லாவற்றிலும் ஒரு வாய் அளவு, பிடித்ததை இரண்டாம் சுற்றில். குழந்தைக்குத் தனித் தட்டு வேண்டாம், உங்கள் தட்டிலிருந்து ருசி காட்டிவிட்டு அவன் கேட்டதை மட்டும் போய் எடுத்து வாருங்கள். மீதிப் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

லாட்ஜிலும் ஓட்டல் ரூமிலும் வாடகையோடு சேர்த்துத் தருகிற காலைச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மதுரைக்கு வருகிறவர்களுக்கு அது உபயோகப்படும். மீனாட்சி கோயிலில் விடிகாலையில் கும்பிட்டுவிட்டு நேராக ராமேஸ்வரம் கிளம்புகிறவர்கள் நிறைய. ஏழு மணிக்குத்தான் சாப்பாடு திறக்கும் என்றால் அவர்களுக்குப் போட்ட காசு வீண். முதல் நாள் ராத்திரியே ரிசப்ஷனில், "காலையில சீக்கிரம் கிளம்புறோம், டிபன் கட்டிக் குடுத்துருங்க" என்று சொல்லுங்கள். நிறைய இடங்களில் இட்லியோ பிரெட்டோ கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான். சாப்பிட்டுவிட்டு எழும்போது கையில் ஒரு வாழைப்பழம் எடுத்துப் போனால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பத்துப் பேர் பஸ்ஸில் சாப்பிட அவித்த முட்டையைப் பையில் அள்ளுவதுதான் தவறு.

சப்ளையர் சொன்ன விதத்தைப் பற்றியும் பேச வேண்டும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, நாலு பேர் பார்க்கிற மாதிரி மேஜையில் நின்று சொல்லக் கூடாது என்பது. பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்து, "அம்மா, வீட்டுக்கு வேணும்னா சொல்லுங்க, சூடா தனியா போட்டுப் பில் தர்றேன்" என்றால் போதும். பெரும்பாலானவர்கள் டப்பாவைத் தாங்களாகவே மூடிவிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஐயா ஒருவர் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வீட்டுக்காரிக்கு முட்டி வலி, படி ஏற முடியாதுன்னு கார்லயே உக்காந்துருக்கா. அவளுக்கு என்ன குடுக்கலாம், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், சமையல்கட்டில் சொல்லி ஒரு தட்டு சூடாகப் போட்டு, காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். மேனேஜர் அதற்குப் பில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இது எல்லா இடத்திலும் நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வாய்விட்டுக் கேட்டவருக்கு ஓட்டல்காரர்கள் அநேகமாக ஏதாவது ஒரு வழி செய்வார்கள், ஒளித்து எடுத்தவரிடம் அதே ஆட்கள்தான் விறைப்பாக நிற்பார்கள்.

அத்தையைச் சமாதானப்படுத்தும்போது அவர் திருடிவிட்டார் என்கிற மாதிரி ஒரு சொல்லும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரனை நினைத்ததில் தப்பே இல்லை. அடுத்த முறை உள்ளே போய் உட்கார்ந்ததுமே, மெனு கார்டில் இருந்து ஒரு சிக்கன் பிரியாணி பார்சல் சொல்லிவிடுங்கள். "நாங்க கிளம்பும்போது சூடா குடுத்தாப் போதும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பேரன் சாப்பாடு வந்துவிடும் என்று தெரிந்தால் அத்தையும் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.